நான்காம் திட்டில் நிற்பவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2022 மார்ச் 22 அன்று, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல் திட்டில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. இலங்கையில் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்று ஓய்ந்துபோன காலம் அது. படகில் ஏற்றிவந்தவர்கள் அவர்களைத் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் போய்க் கரைக்குக் கூட்டிவந்தது. அதே நாளில் இன்னொரு படகில் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் திட்டுகளில் நிழல் கிடையாது. ஒரு வாய் குடிதண்ணீர் கிடையாது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார்வரை சுமார் 30 கிலோமீட்டர். நடுவே வரிசையாகக் கிடக்கும் திட்டுகளில் முதலில் வருபவை நம் பக்கம், மற்றவை இலங்கைப் பக்கம். சுற்றிலும் ஆழம் குறைவு, மணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய ரோந்துக் கப்பல் அங்கே நெருங்கினால் தரைதட்டும். அதனால்தான் காற்று மெத்தைமேல் ஓடும் ஹோவர்கிராஃப்ட் வேண்டியிருக்கிறது. படகோட்டிகள் கரைவரை வராததற்குக் காரணம் வேறு. கரைக்கு வந்தால் படகு பறிமுதலாகும், ஆளும் உள்ளே போவார். திட்டில் இறக்கினால் விடியுமுன் திரும்பிவிடலாம். வெயில் ஏறியபின் திட்டில் நிற்பவர்கள் என்ன ஆவார்கள் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

அதே ஆண்டு ஜூன் கடைசியில், தனுஷ்கோடி வழியில் கோதண்டராமர் கோயில் கடற்கரையில் ஒரு முதிய தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். உடலில் நீர் வற்றிப்போயிருந்தது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைவரை கொண்டுவந்தும் மூதாட்டி பிழைக்கவில்லை. ராமேசுவரம் தீவில் நடப்பதை மதுரைக்காரர்கள் தூரத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. உயிருக்குப் போராடுபவரும் இங்கேதான் வருகிறார், அவருடைய வழக்கும் இங்கேதான் வருகிறது. ராமநாதபுரம் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் இருக்கும் குடும்பங்களும் இந்தக் கடலைத் தாண்டி வந்தவைதான்.

கடலில் தத்தளிப்பவரைப் பற்றிச் சட்டத்தில் நான்கு கேள்விகள் உண்டு. யார் போய்க் காப்பாற்ற வேண்டும்? எதை ஆபத்து என்று கொள்வது? காப்பாற்றியவரை எங்கே இறக்குவது? இறங்கியபின் அவருக்கு என்ன உரிமை? முதல் இரண்டுக்கும் விடை உறுதியாக இருக்கிறது. மூன்றாவதில் சட்டம் பாதியில் நின்றுவிட்டது. நான்காவதில், அகதி என்று ஒருவரைப் பற்றி இந்தியச் சட்டம் பேசவே இல்லை. ஆட்கள் மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டில்தான்.

போய்க் காப்பாற்றும் கடமை

1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98-ஆவது பிரிவு இதன் அடிப்படை. கடலில் மூழ்கிச் சாகும் ஆபத்தில் இருக்கும் எவருக்கும், தன் கப்பலுக்கும் மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் பெரும் ஆபத்து இல்லாத அளவில், கப்பல் கேப்டன் உதவியே ஆக வேண்டும். அதைச் சட்டமாக்குவது அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் பொறுப்பு. கரையுள்ள நாடுகள் தேடுதல், மீட்புக்கு ஓர் அமைப்பை நடத்த வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்தியா இந்த உடன்படிக்கையை 1995-இல் ஏற்றது, இலங்கை அதற்கு முந்தைய ஆண்டே ஏற்றுவிட்டது.

சோலாஸ் என்று கப்பல்காரர்கள் சொல்லும் 1974-ஆம் ஆண்டு உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் 33-ஆவது விதிப்படி, ஆட்கள் ஆபத்தில் இருக்கும் தகவல் எந்த வழியில் வந்தாலும் சரி, உதவக்கூடிய இடத்தில் இருக்கும் கேப்டன் முழு வேகத்தில் போக வேண்டும். போக முடியாவிட்டால் காரணத்தைக் கப்பலின் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், எந்த நிலையில் கடலுக்கு வந்தார் என்று பார்க்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் இருக்கிறதா, அகதியா, வேலை தேடி வந்தவரா என்று கேட்கும் வேலை கேப்டனுடையது கிடையாது.

இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், 355ஏ பிரிவில், இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. இந்தியாவோடு போரில் இருக்கும் நாட்டின் குடிமகனாகவே இருந்தாலும், கடலில் உயிருக்கு ஆபத்தென்றால் காப்பாற்று என்றது. கப்பல் கேப்டன் என்றில்லை, படகுக்குப் பொறுப்பானவர் எவரானாலும் இந்தக் கடமை உண்டு. 2025-இல் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. பன்னாட்டு உடன்படிக்கையால் வந்த கடமை அப்படியே இருக்கிறது.

கடலில் தத்தளிப்பவரைக் காக்க மணிமேகலா தெய்வம் வரும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். ஆனால் அந்தத் தெய்வம் வந்தது அறம் செய்தவருக்காக. இன்றைய சட்டம் அந்தத் தகுதியைக்கூடக் கேட்பதில்லை. நம் விசைப்படகுக்காரர்கள் நடுக்கடலில் இன்ஜின் நின்று மிதக்கும்போது, அவர்கள் எல்லை தாண்டினார்களா என்று பார்க்காமல் காப்பாற்ற வேண்டும் என்று நாம் கேட்பது எந்தச் சட்டத்தின் பேரிலோ, அதே சட்டத்தின் பேரில்தான் திட்டில் நிற்கும் குடும்பமும் கேட்கிறது.

எப்போது ஆபத்து என்று கொள்வது

மூழ்க ஆரம்பித்தால்தான் ஆபத்தா? கூட்டம் நிறைந்த படகு எந்த வேளையிலும் கவிழலாம், ஆனால் பார்க்கும் நேரத்தில் அது ஓடிக்கொண்டும் இருக்கலாம். இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பல நாட்டுப் படைகள் "அவர்கள் உதவி கேட்கவில்லை" என்று சொல்லி விலகி நின்றிருக்கின்றன. 2023 ஜூன் 14 அன்று கிரேக்கத்தின் பைலோஸ் அருகே அட்ரியானா என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. சுமார் 750 பேர் இருந்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்ட அந்தப் படகில் பிழைத்தவர்கள் 104 பேர். பல மணி நேரமாகக் கிரேக்கக் கடலோரக் காவல்படைக்கு அந்தப் படகைப் பற்றித் தெரியும். உள்ளே இருந்தவர்கள் உதவியை மறுத்தார்கள் என்பது கிரேக்க அரசு சொன்ன பதில்.

அந்தப் பதில் சட்டத்தில் நிற்காது என்பது எங்கள் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு 656-ஆம் எண் ஒழுங்குமுறை, எதையெல்லாம் பார்த்து ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. உதவிக் குரல் வந்ததா என்பது அதில் ஒன்றே ஒன்றுதான். படகின் அளவுக்கு ஆள் எத்தனை, போய்ச் சேரும் அளவுக்கு எரிபொருளும் தண்ணீரும் இருக்கிறதா, படகு ஓட்டத் தெரிந்தவர் உண்டா, தகவல்தொடர்புக் கருவி இருக்கிறதா, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிறார்களா, யாராவது ஏற்கெனவே இறந்திருக்கிறார்களா, காற்றும் அலையும் எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த அளவுகோல் ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் எந்தக் கடலிலும் பொருந்தும். தண்ணீரில்லாத திட்டில் கைக்குழந்தையோடு நிற்பவர்களுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அவர்கள் கால் தரையில் இருக்கிறது என்பதால் ஆபத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மீட்கும்போது கவிழும் படகுகள்

பல படகுகள் கவிழ்வது மீட்க வந்தவர்கள் நெருங்கும் நேரத்தில்தான். பெரிய கப்பல் தெரிந்ததும் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கமே சாய்வார்கள். படகின் அடியில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கியிருக்கும். ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தத் தண்ணீரும் அதே பக்கம் ஓடும். அந்தப் பக்கத்து எடை இன்னும் கூடி, சில நொடிகளில் படகு புரண்டுவிடும்.

ஆகவே பழகிய மீட்புக் குழுவினர் பெரிய கப்பலைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சிறு படகில் போவார்கள். பக்கவாட்டில் அணையாமல் பின்பக்கமாக நெருங்குவார்கள். முதலில் கொடுப்பது உயிர்காப்பு உடை. ஒருவரையும் ஏற்றுவதற்கு முன் எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். "உட்காருங்கள், எல்லாரையும் ஏற்றுவோம், அவசரம் வேண்டாம்" என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரே ஆள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பாக் நீரிணையில் இது பெரிய அனுகூலம், இரு பக்கமும் தமிழ்தான். பிறகு ஒவ்வொருவராக, ஒரே இடத்திலிருந்து ஏற்ற வேண்டும். ஆட்களோடு சேர்த்துப் படகைக் கட்டி இழுப்பது கடைசி வழி. வேகம் கொஞ்சம் கூடினாலும் முகப்பு தண்ணீருக்குள் போகும்.

சரக்குக் கப்பலுக்கு இது இன்னும் கடினம். அதன் பக்கச் சுவர் பல மீட்டர் உயரம். கயிற்றேணியில் ஏற வலு இல்லாதவர்கள் பாதி வழியில் கைவிட்டு இரு சுவர்களுக்கு நடுவே விழுவார்கள். காற்று வரும் திசைக்குக் கப்பலைக் குறுக்கே நிறுத்தி, காற்று மறைந்த பக்கத்தில் அமைதியான தண்ணீரை உண்டாக்கி, அங்கே வலையை இறக்க வேண்டும்.

கண்ணுக்குப் படாத இன்னொரு ஆபத்து பெட்ரோல். கேனில் கொண்டுவரும் எரிபொருள் சிந்திப் படகின் அடியில் கடல்நீரோடு கலந்து நிற்கும். பத்திரமென்று பெண்களையும் குழந்தைகளையும் உட்கார வைப்பதும் அந்த அடித்தட்டில்தான். மணிக்கணக்கில் அந்தக் கலவையில் ஊறிய தோல், தீயில் வெந்ததுபோல உரிந்துவிடும். மேலே பார்த்தால் நனைந்த துணி மட்டும் தெரியும். ஏற்றியதும் ஈரத்துணியை மாற்றி, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். வெயிலில் வாடி வந்தவருக்குத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தால் வாந்தியெடுப்பார். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எங்கே இறக்குவது

1979-இல் ஹாம்பர்க்கில் உருவான தேடுதல், மீட்பு உடன்படிக்கை மீட்பு என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறது. ஆபத்தில் இருப்பவரைத் தூக்குவது, முதலுதவியும் அப்போதைய தேவையும் கொடுப்பது, பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மீட்பு. கப்பலில் ஏற்றியதோடு வேலை முடியவில்லை. பாதுகாப்பான இடம் எது என்பதைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அங்கே உயிருக்கு ஆபத்து தொடரக் கூடாது, உணவும் தங்குமிடமும் மருத்துவமும் கிடைக்க வேண்டும், அடுத்த இடத்துக்குப் போக ஏற்பாடு செய்ய முடிய வேண்டும். துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிவந்ததாகச் சொல்பவரை, அவர் அஞ்சும் அதே மண்ணில் இறக்கக் கூடாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உலகக் கடல் முழுவதும் மீட்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவின் மண்டலம் சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். அதை மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று ஒருங்கிணைப்பு மையங்களில் இருந்து கடலோரக் காவல்படை கவனிக்கிறது. எந்த நாட்டின் மண்டலத்தில் மீட்பு நடந்ததோ, இறக்க இடம் ஏற்பாடு செய்யும் முதன்மைப் பொறுப்பு அந்த நாட்டுக்கு. இங்கேதான் ஓட்டை. ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதே தவிர, வேறு யாரும் ஏற்காவிட்டால் அந்த நாடு தன் துறைமுகத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்று எழுதவில்லை. 2004-இல் திருத்தம் பேசியபோதே நாடுகள் அந்த ஒரு வரிக்கு ஒப்பவில்லை. மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டா, வந்த திருத்தத்தையும் ஏற்கவில்லை.

இந்தத் திருத்தங்களுக்குக் காரணமே டாம்பா கப்பல். 2001 ஆகஸ்டில், கேப்டன் ஆர்னே ரின்னன் செலுத்திய அந்த நார்வே சரக்குக் கப்பல், பழுதான ஒரு இந்தோனேசியப் படகிலிருந்து 430-க்கும் மேற்பட்டோரை ஏற்றியது. பெரும்பாலோர் ஆப்கானியர்கள். ஆஸ்திரேலியா தன் கிறிஸ்துமஸ் தீவில் இறக்க விடாமல் படையை அனுப்பிக் கப்பலைக் கைப்பற்றியது. கடைசியில் பலரை நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். ஆட்களை ஏற்றிய கப்பலை இறக்க விடாமல் காக்க வைத்தால், அடுத்த கேப்டன் ஏற்றவே தயங்குவான். ஒவ்வொரு நாள் தாமதமும் கப்பல் கம்பெனிக்குப் பணம். மனித உயிரை மீட்டதற்குக் கூலி கேட்கும் வழக்கமும் கடல் சட்டத்தில் இல்லை.

மண்டலப் பிரிவு ஆளைக் கொல்லும் விதத்தை 2013 அக்டோபர் 11 காட்டியது. மால்டாவின் மண்டலத்தில், இத்தாலியின் லம்பெதுசா தீவுக்குப் பக்கத்தில் ஒரு படகு மூழ்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் போனில் இத்தாலியைக் கூப்பிட, மால்டாவைக் கூப்பிடச் சொன்னார்கள். இத்தாலியக் கடற்படைக் கப்பல் ஒன்று அருகிலேயே இருந்தும் நேரத்தில் அனுப்பப்படவில்லை. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் வெளிவந்த முடிவில் ஐ.நா. மனித உரிமைக் குழு, மண்டலம் மால்டாவுடையது என்றாலும் அழைப்பைக் கேட்டபின் சும்மா இருந்த இத்தாலி, வாழும் உரிமையை மீறியது என்றது. இந்தக் குழு கண்காணிக்கும் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1979 முதல் உறுப்பு நாடு. ஆகவே அந்த முடிவை ஐரோப்பியச் சங்கதி என்று ஒதுக்க இயலாது.

மனித உரிமைச் சட்டம் கடலில் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இன்னொரு தீர்ப்பு முக்கியம். 2009 மே மாதத்தில் லம்பெதுசாவுக்குத் தெற்கே நடுக்கடலில் இத்தாலியக் கப்பல்கள் சுமார் 200 பேரை ஏற்றி, யாரென்றுகூட விசாரிக்காமல் லிபியாவின் திரிப்போலியில் இறக்கின. ஹிர்ஸி ஜமா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 பிப்ரவரி 23 அன்று, உங்கள் கப்பலில் ஏற்றிய கணமே அவர்கள் உங்கள் அதிகாரத்துக்குள் வந்துவிட்டார்கள், தன் மண்ணை மிதிக்கவில்லை என்று சொல்லி எந்த அரசும் தப்ப முடியாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது.

எல்லா நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. நம் ஊரைத் தொட்ட வழக்கு ஒன்று உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேரோடு ஒரு படகு கிளம்பியது. உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கடல் தாண்டி இந்தியா வந்து தங்கியிருந்த இலங்கைத் தமிழர்கள், குழந்தைகள் உட்பட. ஜூன் 29 அன்று கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியா அவர்களை மறித்துத் தன் கப்பலுக்கு மாற்றியது. இந்தியாவுக்கே திருப்பிக் கொண்டுபோய்விட முடிவெடுத்தது. ஆனால் இந்தியாவிடம் அதற்கு இசைவு வாங்கியிருக்கவில்லை. கப்பல் இந்தியா பக்கம் வந்து காத்திருந்தது, இசைவு கிடைக்கவில்லை, திரும்பிப் போனது. ஏறத்தாழ ஒரு மாதம் அந்த 157 பேரும் கப்பலிலேயே காவலில் இருந்தார்கள். பிறகு கோக்கோஸ் தீவு, அங்கிருந்து ஆஸ்திரேலியப் பெருநிலம், கடைசியில் நவுரு. 2015 ஜனவரி 28 அன்று ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட், அந்தக் காவல் உள்நாட்டுச் சட்டப்படி செல்லும் என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு. அந்த ஒரு மாதத்தில் இந்தியத் துறைமுகத்திலோ ஆஸ்திரேலியத் துறைமுகத்திலோ இறங்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் பன்னாட்டு விதி ஒன்றுகூட இல்லை என்பதுதான் இந்த வழக்கில் நாம் பார்க்க வேண்டியது.

நல்லபடி முடிந்ததும் உண்டு. 2022 நவம்பரில் லேடி ஆர்3 என்ற பழைய படகில் 303 இலங்கையர்கள் தென்சீனக் கடலில் தத்தளித்தார்கள். தகவல் நாட்டுக்கு நாடு போய், அருகில் இருந்த ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பானியக் கப்பல் அவர்களை ஏற்றி வியட்நாமில் இறக்கியது. அடுத்த மாதமே, டிசம்பர் 18 அன்று, மியான்மரைச் சேர்ந்த ரோஹிங்யாக்கள் 104 பேரை இலங்கைக் கடற்படை மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. ஏற்க ஒரு துறைமுகம் முன்வந்துவிட்டால் சட்டத்தின் ஓட்டை யாருக்கும் தெரிவதே இல்லை.

மீனவர் செய்ய வேண்டியது

பாக் நீரிணையில் பன்னாட்டுப் பொதுக் கடல் என்று ஒன்று கிடையாது. ஒரு நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். தனுஷ்கோடி, தலைமன்னார் பக்கம் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. 1974 ஒப்பந்தம் இழுத்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நம் எல்லை, அந்தப் பக்கம் அவர்கள் எல்லை. கோட்டுக்கு அப்பால் ஒருவர் தத்தளித்தால் போகலாமா? கடல் சட்ட உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு, இன்னொரு நாட்டின் எல்லைக்குள் சாதாரணமாகக் கடந்துபோகும் கப்பல், ஆபத்தில் இருப்பவருக்கு உதவ அங்கே நிற்கவும் நங்கூரமிடவும் இடம் தருகிறது. சட்டம் இப்படி, ஆனால் கோட்டுக்கு அப்பால் நம் படகு பிடிபட்டால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே தகவலை முதலில் கொடுத்துவிட வேண்டும். சென்னை மையம் கொழும்பு மையத்தைக் கூப்பிடும்.

கடலோரக் காவல்படையின் எண் 1554, மெரைன் போலீஸ் எண் 1093. வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு 16-ஆம் சேனல். முதலில் ஜி.பி.எஸ். காட்டும் இடம், அடுத்து எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, இன்ஜின் ஓடுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா, காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பேசிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் செல்போனில் வீடியோ எடுப்பது நல்லது. அவர்களிடம் ஒரு ரூபாய், ஒரு பொட்டு நகை வாங்கக் கூடாது. கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும். யாருக்கும் சொல்லாமல் தன் ஊர்த் துறையில் இறக்கிவிடுவதும் கூடாது.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆட்கடத்தலுக்கு எதிரான 2000-ஆம் ஆண்டு ஐ.நா. நெறிமுறை, பணமோ வேறு ஆதாயமோ பெற்று ஆளைச் சட்டவிரோதமாக எல்லை கடத்துவதைத்தான் குற்றம் என்கிறது. ஆதாயம் இல்லாத மீட்பு அதில் வராது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை நடைமுறையில் மீனவர் தலையில் விழுகிறது. 2007-இல் துனிசியாவின் மீனவர் ஏழு பேர் 44 பேரைக் காப்பாற்றி லம்பெதுசாவில் இறக்கினார்கள். கைதானார்கள், படகுகள் பறிபோயின. இரண்டு கேப்டன்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டில் 2011-இல் விடுதலையானார்கள். நான்கு ஆண்டுகள் படகு இல்லாத மீனவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? ஒரு கேப்டனைத் தண்டித்தால், அந்தக் கடலில் இனி யாரும் கூப்பிடுகுரலுக்குத் திரும்பமாட்டார்கள். 2019-இல் கடலில் மீட்டவர்களோடு ஸீ வாட்ச் 3 கப்பலைத் தடையை மீறித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்த கேப்டன் கரோலா ரக்கெட்டேயின் கைது செல்லாது என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு சொன்னது. மீட்பு கரையில் இறக்கியபின்தான் முடிகிறது, அதுவரை செய்தது கடமையே என்பது அதன் நிலை.

கரையேறியபின்

திட்டிலிருந்து ஹோவர்கிராஃப்டில் ஏறும்வரை ஒருவர் காப்பாற்றப்பட வேண்டிய உயிர். கரையில் கால் வைத்ததும் இந்தியச் சட்டத்தில் அவர் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர். நடுவில் அகதி என்ற சொல்லே சட்டப் புத்தகத்தில் இல்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி, ஆவணம் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டுவரை சிறை, 5 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைத் தண்டனையிலிருந்து காக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நான்காம் திட்டில் நின்ற கைக்குழந்தை அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

மிஞ்சுவது அரசமைப்புச் சட்டம். 21-ஆவது பிரிவு குடிமகன் என்று சொல்லவில்லை, எந்த நபரும் என்கிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் 2021-இல் ரோஹிங்யா வழக்கில், நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கே உள்ள 19-ஆவது பிரிவின் துணை உரிமை என்றது. 2025 மே மாதத்தில், ரோஹிங்யாக்கள் சிலரை மியான்மர் கரை அருகே உயிர்காப்பு உடையோடு கடலில் இறக்கிவிட்டதாக வந்த மனுவில் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. அதே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவில், எல்லாரையும் வைத்துக்கொள்ள இந்தியா சத்திரமா என்று வாய்மொழியாகக் கேட்டது. அந்தக் கேள்வி எங்களை வருத்தியது. கடலில் உயிரைக் காக்கச் சொல்லும் சட்டமும், கரையில் அந்த உயிரைத் திருப்பி அனுப்பலாம் என்னும் சட்டமும் ஒரே அரசுடையதாக இருக்க முடியாது. திருப்பி அனுப்பும் இடத்தில் உயிருக்கு ஆபத்தா என்று ஒரு விசாரணையாவது நடுவே இருக்க வேண்டும்.

மதுரைக் கிளை சில நேரம் வேறு திசையில் நடந்திருக்கிறது. 2019 ஜூன் 17 அன்று, இந்திய வம்சாவளியினரான 65 முகாம்வாசிகள் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சட்டத்தின் சொல்படி இவர்கள் சட்டவிரோதமாக வந்தவர்களே என்றாலும் விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு, அவர்களின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்றார். முகாமில் வாழும் தலைமுறைகளின் களைப்பை உணர்ந்து எழுதப்பட்ட தீர்ப்பு அது.

புதிதாகக் கரையேறிய ஒருவருக்காக வழக்கறிஞரோ தன்னார்வலரோ முதல் நாளில் செய்யக்கூடியவை உண்டு. கைதென்றால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் கொண்டுவரப்பட்டாரா என்று பார்க்க வேண்டும். அந்த உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு, அங்கே குடியுரிமை கேட்கப்படவில்லை. தனியாக வந்த குழந்தை என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் போக வேண்டும், காவல் நிலையத்தில் இருக்கக் கூடாது. விசாரணைக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பெட்ரோல் புண்ணும் நீர்வற்றலும் அந்தச் சீட்டில் பதிவாக வேண்டும், எந்த நிலையில் வந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. ஊருக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறார் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே முதல் வாக்குமூலத்தில் எழுத வைக்க வேண்டும். பின்னால் சேர்த்தால் வழக்குக்காகச் சொன்னது என்பார்கள்.

கூட வந்தவர் யாராவது காணவில்லையா என்று கேட்க மறக்கக் கூடாது. இரண்டு படகாகக் கிளம்பியிருக்கலாம், வேறு திட்டில் இறக்கப்பட்டிருக்கலாம். பெயர், வயது, உடுத்தியிருந்த துணியின் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம், இவற்றை அப்போதே 1554-க்குச் சொல்லிவிட்டு, மெரைன் போலீஸிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். திட்டில் நிற்பவருக்கு வெயில் ஏறுமுன் ஹோவர்கிராஃப்ட் போய்ச் சேர வேண்டும்.